போடாத கையெழுத்து

எங்கள் அப்பாவைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள் என்ற செய்தி வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். அம்மா இரண்டு நாள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. அப்பாவின் தம்பியான சித்தப்பா, நாகல் நகரில் இருந்த தன் வெல்டிங் பட்டறையைச் சாத்திவிட்டு எங்கள் வீட்டு வாசலில் செல்போனும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். மாதா கோயிலில் அப்பா பெயரைச் சொல்லிப் பூசை வைத்தார்கள். நானும் அழுதேன். ஆனால், இப்போது ஒளிக்க என்ன இருக்கிறது, மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது என் அழுகையோடு வேறொன்றும் சேர்ந்துகொண்டது. அதுவரை நான் கடைசிக்கு முந்தின வரிசையில் உட்காருகிற, டீச்சர்கூடப் பெயரை மாற்றிக் கூப்பிடுகிற ஒருத்தி. அன்றைக்கு எட்டாம் வகுப்பு அக்காமார்கள் என்னைத் தேடிக்கொண்டு வந்தார்கள்.

அப்பா வெல்டர். திண்டுக்கல்லில் இரும்புப் பெட்டி செய்கிற பட்டறை ஒன்றில் தொழில் பழகி, அங்கிருந்து சென்னை, சென்னையிலிருந்து நைஜீரியா என்று போனவர். அங்கே ஒரு பெரிய எண்ணெய்க் கம்பெனியின் குழாய்களைப் பழுதுபார்த்துக் கொடுக்கும் காண்ட்ராக்ட் கம்பெனியில் அவருக்கு வேலை. அந்த நாட்டு ஆறு கடலில் சேருவதற்கு முன்னால் எத்தனையோ கிளையாகப் பிரிந்துவிடும் என்றும், அந்தச் சேற்றுக்கு அடியில்தான் எண்ணெய் இருக்கிறது என்றும், வேலைக்குப் படகில்தான் போக வேண்டும் என்றும் போனில் சொல்லியிருந்தார். எனக்கு அதில் படகு மட்டும்தான் மனதில் நின்றது.

அப்படி ஒரு படகில் போன அப்பாவையும் கூடப் போன நான்கு பேரையும் அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மறித்துவிட்டார்கள். துப்பாக்கி வைத்திருந்தார்கள். சென்னையில் இருந்த காண்ட்ராக்ட் கம்பெனி ஆபீஸிலிருந்து எங்களுக்குத் தெரிவித்தது இவ்வளவுதான். கூடவே, பேப்பர்காரர்களிடம் எதுவும் பேச வேண்டாம் என்றும் சொன்னார்கள். அம்மா யாரிடமும் பேசவில்லை. அம்மா பேசாததை எல்லாம் நான் பேசினேன்.

முதலில் சின்னதாகத்தான் ஆரம்பித்தது. எங்கப்பாவைக் காட்டுக்குள் கட்டி வைத்திருக்கிறார்கள் என்றேன். அதற்கு ஒரு அக்கா பாதி கொய்யாப்பழம் கொடுத்தாள். மறுநாள் கட்டு அவிழ்ந்தது. ஐந்தாம் நாள் அப்பா ஆற்றில் குதித்தார், ஆற்றில் முதலைகள் கிடந்தன. எட்டாம் நாள் அவர் முதலைகளின் முதுகில் கால் வைத்து அக்கரைக்கு ஓடி, மறுபடி பிடிபட்டார். பிடிபடாமல் தப்பவைக்க எனக்கு ஆசைதான். தப்பிவிட்டால் கதை முடிந்துவிடும் என்பதால் பிடிபடவைத்தேன். அந்த நாட்களில் எனக்கு நெல்லிக்காய்க்குக் குறைவே இல்லை.

பன்னிரண்டாம் நாள் அப்பாவே போன் செய்தார். விட்டுவிட்டார்கள், எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம் என்று. அம்மா போனைக் காதில் வைத்தபடியே அடுப்படிக்குப் போய் உலை வைத்தாள். அன்றைக்கு மத்தியானம் எங்கள் வீட்டில் சோற்றுக்கு மூன்று வெஞ்சனம்.

அடுத்த வாரம் சென்னையிலிருந்து பகல் ரயிலில் வந்து இறங்கினார். சித்தப்பா சும்மா இருப்பாரா? ஸ்டேஷன் வாசலிலிருந்து எங்கள் தெரு முனை வரை நான்கு இடத்தில் ஃபிளக்ஸ் வைத்திருந்தார். அதில் அப்பா கறுப்புக் கண்ணாடி போட்டு, முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டு நின்றார். பின்னால் ஒரு ஹெலிகாப்டர். ‘கடத்தல்காரர்களை வென்று வரும் எங்கள் சிங்கமே வருக வருக’ என்று எழுதியிருந்தது. சட்டையை மடித்துவிட்ட உடம்பு யாருடையது என்று தெரியவில்லை, தலை மட்டும்தான் அப்பாவுடையது. எனக்கு அந்த ஃபிளக்ஸைப் பார்க்கப் பார்க்கத் தெவிட்டவில்லை.

ரயிலிலிருந்து இறங்கிய அப்பா அந்த ஃபிளக்ஸில் பாதிகூட இல்லை. கன்னம் ஒட்டி, காலர் கழுத்தைச் சுற்றித் தொளதொளவென்று கிடந்தது. கையில் ஒரே ஒரு பை. மாலையைப் போட வந்த சித்தப்பாவைக் கையைப் பிடித்து நிறுத்தி, ஃபிளக்ஸை அண்ணாந்து பார்த்தார்.

“யாருடா யாரை ஜெயிச்சது?”

“நீங்கதாண்ணே” என்றார் சித்தப்பா.

அப்பா சிரித்துவிட்டார். சிரிப்போடு மாலையையும் வாங்கி என் கழுத்தில் போட்டுவிட்டு, “வீட்டுக்குப் போவமா தாயி” என்றார். சம்பங்கி மாலை என் முழங்காலைத் தொட்டது. அந்தக் கோலத்தில் நான் ஆட்டோவில் தெருத்தெருவாகப் போனேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யாராவது பார்த்தார்களா என்பதுதான் வழி நெடுக என் கவலை.

வந்த அன்றும் மறுநாளும் அப்பா அதிகம் பேசவில்லை. வாசல் கதவு காற்றில் படாரென்று சாத்தினால் அவர் கை தானாகத் தலையைப் பொத்தும். மூன்றாம் நாள் காலையில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, அவராகவே எதிரில் வந்து உட்கார்ந்து சொன்னார். நான் வீட்டுப்பாடம் எழுதுவது போல நோட்டை வைத்துக்கொண்டு கேட்டேன்.

அந்தக் கிராமத்துக்குப் பக்கத்தில் குழாய் ஒன்று உடைந்து மூன்று வாரமாக எண்ணெய் கொட்டியிருக்கிறது. ஓடையெல்லாம் கறுப்பு. அப்பாவின் ஆட்களை ஒட்டுப்போடச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஒட்டுப்போட்டுவிட்டால் எண்ணெய் மறுபடி ஓட ஆரம்பித்துவிடும், அப்புறம் ஓடையைச் சுத்தம் செய்ய ஒருவரும் வரமாட்டார்கள் என்பது ஊர்க்காரர்களின் பயம். இதற்கு முன்னால் இரண்டு தடவை அப்படித்தான் நடந்ததாம். பெரிய கம்பெனியிலிருந்து ஆள் வந்து ஓடையைப் பார்க்கும்வரை உங்களை விடமாட்டோம் என்று உட்கார வைத்துவிட்டார்கள். பன்னிரண்டாம் நாள் ஆள் வந்து பார்த்த பிறகுதான் விட்டார்களாம்.

“அடிச்சாகளா?” என்றாள் அம்மா.

“அடிக்கலை. ஆனா பொய் சொல்லக் கூடாது, பயந்துட்டேன். ஒரு சின்னப் பய, இருவது வயசு இருக்காது, தலைக்கு மேல வானத்தைப் பாத்துச் சுட்டான். அந்தச் சத்தம் இன்னும் காதுக்குள்ளயே இருக்கு. அப்புறம் ஒரு அம்மா வந்து அவனை ஏசுச்சு. அந்தம்மாதான் எங்களுக்குக் கெழங்கு அவிச்சுக் குடுத்துச்சு.”

“அவுக பேசுறது உங்களுக்கு எப்படிப் புரிஞ்சுச்சு?”

“இங்கிலீசுதான். அவுக இங்கிலீசும் ஒடைஞ்சது, நம்ம இங்கிலீசும் ஒடைஞ்சது. அதனால வெளங்கிருச்சு.”

அந்த அம்மாள் ஒருநாள் அப்பாவை ஓடைக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், தண்ணீரில் கையை முழங்கை வரை விட்டு எடுத்துக் காட்டினாளாம். தார் பூசியது போல இருந்ததாம் கை. அதில்தான் அவர்கள் மீன் பிடித்தார்கள், அதைத்தான் குடித்தார்கள். அப்பா அவளிடம் தன் ஊரைப் பற்றிச் சொன்னாராம்.

அப்பாவின் ஊர் திண்டுக்கல்லுக்கு வெளியே இருக்கிறது. கிறிஸ்மஸுக்கு மட்டும் போவோம். போகும்போது டவுனிலிருந்து நான்கு கேன் தண்ணீர் ஏற்றிக்கொண்டு போவோம். அங்கே அப்பா வீட்டுக் கிணறு இருந்தது, தண்ணீரும் இருந்தது, டீத்தண்ணி நிறத்தில். தோல் பதனிடுகிற ஆலைகளிலிருந்து, எங்கள் பக்கத்தில் தோல் ஷாப் என்பார்கள், ஊறி வந்த தண்ணீர். அதில் வாளியை விட்டால் நுரைக்கும். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தக் கிணறு அப்படித்தான் இருந்ததால், கிராமத்துக் கிணறு என்றாலே அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஒரே ஏமாற்றம். முதலை வரவேயில்லை. கிழங்கும் ஓடையும் கிணறுமாகவே கதை முடிந்துவிட்டது. இதை எப்படிப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்வது?

அடுத்த நாள் சென்னையிலிருந்து ஒரு காரில் காண்ட்ராக்ட் கம்பெனி ஆபீஸர் வந்தார். ஸ்வீட் டப்பா, ஆப்பிள் பழம், எனக்கு ஒரு பொம்மை. நல்ல மனிதர் போலத்தான் பேசினார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க பட்ட கஷ்டம் எங்களுக்குத் தெரியும்” என்றார். அப்புறம் ஒரு ஃபைலைத் திறந்து இரண்டு காகிதம் எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று, கத்தார் நாட்டில் அப்பாவுக்கு ஃபோர்மேன் வேலை என்று சொல்லும் கடிதம். இன்னொன்றில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும்.

“என்ன எழுதியிருக்கு சார்?” என்றார் அப்பா. அது ஆங்கிலத்தில் இருந்தது.

“ஒண்ணுமில்ல, நடந்ததுதான். ஆயுதம் வச்சிருந்த திருட்டுக் கும்பல் எண்ணெய் திருடறதுக்காகக் குழாயை அறுத்துட்டாங்க. ரிப்பேர் பண்ணப் போன உங்களைக் கடத்திட்டாங்க. அவ்வளவுதான்.”

எனக்கு உள்ளே துள்ளியது. ஆயுதம், திருட்டுக் கும்பல், கடத்தல். நான் பள்ளிக்கூடத்தில் சொன்னது ஏறக்குறைய அப்படியே ஆங்கிலத்தில் டைப் அடித்து வந்திருந்தது. முதலை ஒன்றுதான் குறை. அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டால் நான் சொன்னதெல்லாம் நிஜமாகிவிடும். போடுங்கப்பா, போடுங்கப்பா என்று மனதுக்குள் செபமாலை உருட்டினேன்.

அப்பா காகிதத்தைத் தொடவில்லை. “குழாயை யாரும் அறுக்கலை சார். நான் பக்கத்துல நின்னு பாத்தேன். பழைய குழாய். அடியில துருவேறி, தகடு அப்பளமாட்டம் ஆயிருச்சு. தானா ஒடைஞ்சது.”

“அது டெக்னிகல் விஷயம். அதை எஞ்சினியர்ஸ் பாத்துப்பாங்க.”

“இருவது வருசமா இரும்புலதான் சார் இருக்கேன். ரம்பம் பட்ட எடமும் துருத் தின்ன எடமும் எனக்குத் தெரியாதா?”

ஆபீஸர் ஃபைலை மூடினார். பிறகு, நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள், நான் ஊருக்குள்ளே ஒரு வேலையை முடித்துவிட்டுச் சாயங்காலம் வருகிறேன் என்று எழுந்து போனார். காகிதங்களும் பேனாவும் மேசைமேலேயே இருந்தன.

கார் தெரு முனை திரும்புவதற்குள் சித்தப்பா ஆரம்பித்துவிட்டார். “அண்ணே, எங்கயோ இருக்கிறவன். உங்களைத் துப்பாக்கி முனையில உக்கார வச்சவன். அவனுக்காகப் பாக்குறீங்களே. வீடு பூசாமக் கெடக்கு. புள்ள படிக்கணும். ஃபோர்மேன் வேலை இனி எப்ப வரும்?”

“அறுத்ததுன்னு ஆயிட்டா, பெரிய கம்பெனி அந்த ஊருக்கு ஒண்ணும் செய்ய வேண்டியதில்லையாம்டா” என்றார் அப்பா. “தானா ஒடைஞ்சதுன்னாத்தான் ஓடையைச் சுத்தம் பண்ணிக் குடுக்கணும். அதுக்குத்தான் இந்தக் காயிதம்.”

“நீங்க போடலைன்னா இன்னொருத்தன் போடுவான்.”

“போடட்டும். நம்ம கெணத்துக்கு ஒருத்தன் போட்டானே, உனக்கு ஞாபகம் இருக்கா? இந்தத் தண்ணி எப்பவும் இப்படித்தான், தோல் ஷாப்பு வாரதுக்கு முன்னாலயே இப்படித்தான்னு. நம்ம ஊர்க்காரந்தான். அவனுக்கும் பிள்ளைங்க படிக்க வேண்டியிருந்துச்சு.”

சித்தப்பா எழுந்தார். வாசலில் போய் நின்றுகொண்டார்.

அம்மா, மேசைமேல் இருந்த காகிதங்கள் பறக்காமல் ஒரு டம்ளரைத் தூக்கி வைத்தாள். அப்புறம் கேட்டாள்.

“நீங்க உங்க கண்ணால பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“அறுத்தது இல்லையே?”

“இல்ல.”

“அப்ப சாயங்காலம் அந்தாளு வந்தா காப்பி போடணுமா, டீ போடணுமா? அதை மட்டும் சொல்லுங்க.”

காப்பிதான் போட்டாள். ஆபீஸர் காப்பியைக் குடித்துவிட்டு, கையெழுத்தில்லாத காகிதத்தையும் கத்தார் கடிதத்தையும் ஒன்றாக ஃபைலில் வைத்துக்கொண்டு போனார். அவர் கோபப்படவில்லை. “நீங்க நல்லா யோசிச்சிருக்கலாம்” என்று மட்டும் சொன்னார். நான் அந்தப் பொம்மையையும் திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்று பயந்து அதை முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தேன். அவர் போனதும் அப்பா கைகழுவிவிட்டு வந்து, பசிக்கிறது என்றார். ஊருக்கு வந்ததிலிருந்து அவர் பசிக்கிறது என்று சொன்னது அன்றைக்குத்தான்.

இத்தோடு என் சோதனை தீரவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமை சிஸ்டர், திங்கட்கிழமை காலை செபக்கூட்டத்தில் பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்தைச் சொல்ல வேண்டும் என்று அப்பாவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்குக் காய்ச்சல் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வரவில்லை.

பள்ளிக்கூட மைதானத்தில் அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு மைக் முன்னால் நின்றார். “நான் அங்க வீரம் எதையும் காட்டலை பிள்ளைகளா. பயந்துபோய் உக்காந்திருந்தேன்” என்றுதான் தொடங்கினார். என் காது இரண்டும் சுட்டது. கிழங்கைச் சொன்னார். ஓடையைச் சொன்னார். கறுத்துப்போன அந்தக் கையைச் சொன்னார். குழாய் எதனால் உடைந்தது என்பதையும் சொன்னார். நம்ம வண்டிக்கு ஊத்துற பெட்ரோல் இப்படிப்பட்ட ஊர்களிலிருந்துதான் வருது என்றும் சொன்னார். மைதானத்தில் பிள்ளைகள் மெதுவாகக் கால்மாற்றி நின்றார்கள்.

முடித்ததும் கேள்வி கேட்கலாம் என்றார் சிஸ்டர். எனக்குப் பாதி கொய்யாப்பழம் கொடுத்த அந்த எட்டாம் வகுப்பு அக்கா கையைத் தூக்கினாள்.

“நீங்க முதலை முதுகுல கால் வச்சு ஆத்தைத் தாண்டுனீங்களாமே?”

அப்பா கூட்டத்தில் என்னைத் தேடினார். நான் முன்னால் நின்றவளின் சடைக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். கண்டுபிடித்துவிட்டார்.

“முதலை அந்தப் பக்கம் இருக்கு தாயி. நான் போன நேரம் அது வரலை. நான் வீட்டுல இல்லாதப்ப எங்க வீட்டுல ஒருத்தர் எனக்காக முதலையெல்லாம் தாண்டியிருக்காக போல. பாவம், அவுகளுக்கும் பயமாத்தான் இருந்திருக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான். அன்று மத்தியானத்திலிருந்து எனக்கு நெல்லிக்காய் நின்றுபோயிற்று. நான் மறுபடி கடைசிக்கு முந்தின வரிசைக்காரி ஆனேன்.

அப்பா கேட்டைத் தாண்டிப் போகும்போது, எங்கள் பள்ளிக்கூடத்து ஆயாம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவரிடம் போனதைப் பார்த்தேன். எந்த ஊர் என்று கேட்டாள். அப்பா சொன்னார். “நான் அதுக்கு அடுத்த ஊருதாம்ப்பா” என்றாள் அவள். அப்புறம் அப்பாவின் கையை, தீப்பொறி பட்டுத் தழும்பு ஏறிய அந்தக் கையை, தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு செத்த நேரம் நின்றாள். எதற்கு இந்த ஆயாம்மா அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அவரைத் தெரிந்தவள்கூட இல்லையே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

பின்னால் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கூடப் போன நான்கு பேரில் மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களை அப்பா ஒருநாளும் குறை சொன்னதில்லை. போடாத இன்னொருவர் கேரளாக்காரர். மறு வருடம் அந்தக் கிராமத்துக்காக வழக்காடிய வக்கீல்களிடமிருந்து இருவருக்கும் கடிதம் வந்தது. அப்பா பார்த்ததைப் பார்த்தபடி தமிழில் எழுதி, நோட்டரி முன்னால் ஒப்பமிட்டு அனுப்பினார். வழக்கு நான் கல்லூரி முடிக்கும்வரை நடந்தது. கடைசியில் ஓடையின் ஒரு பகுதியைத்தான் சுத்தம் செய்தார்கள் என்று கேள்விப்பட்டோம். முழுதாகச் செய்யவில்லை. கத்தாரும் வரவில்லை, வேறு எந்த வெளிநாடும் வரவில்லை. அப்பா சித்தப்பாவின் பட்டறையிலேயே சேர்ந்து கிரில் கேட் செய்தார். எங்கள் வீடு வெகுநாள் பூசாமல் செங்கலாகவே நின்றது. மழைக்காலத்தில் அந்தச் சுவரில் பாசி படரும். அம்மா தையல் மெஷின் வாங்கி, பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம் தைக்க ஆரம்பித்தாள். எனக்கு இப்போது ஒரு அலுவலகத்தில் வேலை. தினமும் என் மேசைக்கு யாராவது ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து, ஒண்ணுமில்ல மேடம், நடந்ததுதான் என்று சொல்லிப் பேனாவையும் நீட்டுகிறார்கள். நான் முழுக்கப் படித்துவிட்டுத்தான் போடுகிறேன். சிலவற்றைப் போடுவதில்லை.

ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது ஆபீஸர் வந்துபோன அந்த வாரத்து ஞாயிறு, அப்பா மைக் முன்னால் நிற்பதற்கு முந்தின நாள், பூசை முடிந்து நாங்கள் வெளியே வந்த நேரம். அம்மா கூச்சக்காரி. நாலு பேர் இருக்கிற இடத்தில் அப்பாவைப் பற்றிப் பேசவே மாட்டாள். அப்பா வெளிநாடு போனபோதும் சரி, பிடிபட்டபோதும் சரி, அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. அன்றைக்குக் கோயில் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த பக்கத்துத் தெரு அக்கா, கார் வந்து போனதைக் கேள்விப்பட்டிருந்தாள் போல.

“ஏன்க்கா, அண்ணன் மறுபடி எப்பப் போறாக?”

அம்மா தலையிலிருந்த முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். பக்கத்தில் இன்னும் மூன்று நான்கு பெண்கள் நின்றார்கள். அவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்.

“போகலை. கையெழுத்துக் கேட்டாக. போடமாட்டேன்னுட்டாக.”

மகன் கலெக்டர் ஆகிவிட்டான் என்று ஒரு தாய் சொன்னால் குரல் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது. சொல்லிவிட்டு, அப்பா எங்கே என்று பார்த்தாள். அவர் தள்ளி வேப்பமரத்தடியில் சித்தப்பாவின் பைக்கைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அவரை நோக்கி நடந்தாள். வழக்கமாக மூன்று எட்டு பின்னால் வருகிறவள் அன்று நிமிர்ந்து அவர் பக்கத்திலேயே நடந்தாள். தெரு முழுக்க அப்படியே போனோம். நான் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, முகம் சுண்டிப்போய் வந்தேன். அப்பா சண்டை போடவில்லை, ஆற்றைத் தாண்டவில்லை, ஒருவரையும் ஜெயிக்கவில்லை. ஒன்றைச் செய்யாமல் விட்டதற்காக ஒருவரைப் பற்றி இத்தனை பெருமையாக எப்படிப் பேச முடியும் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவேயில்லை.